கஞ்சி போட்ட தலை

என் முகம் உங்களுக்கு மறந்திருக்கலாம். தலை மறந்திருக்காது. ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சரிடம் மாறி மாறிப் புகார் சொன்னீர்களே, அந்தத் தலைதான். பரட்டை என்று பெயர் வைத்தவர்களும் நீங்கள்தான். என் முடி எழும்பி நிற்பதைப் பார்த்துத்தான் மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்வதாக உங்களில் ஒருத்தி சொல்லித் திரிந்தாள். அவளுக்கு இப்போது எண்ணி நாலு முடி என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. கொஞ்சம்தான்.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. நம் வகுப்புக் குழுவில் ஆளாளுக்குச் சின்ன வயசு ஞாபகம் எழுதிப் போடுகிறீர்கள். எல்லாம் நாவல்பழமும் ஐஸ் வண்டியுமாக இனிப்பாக இருக்கிறது. என்னிடம் இருப்பது அப்படிப்பட்டது இல்லை. அந்த வருடம் பங்குனியில் ஒரு மாதம் போல நான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வேறு சிலதும் காதில் விழுந்திருக்கும். நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

இப்போது சொல்வதற்குக் காரணம் என் தம்பி மகள். பதினைந்து வயது. போன ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் பள்ளியில் மேடையேறிப் பேச வேண்டும். முடியை நேராக்கும் மெஷினைத் தோழியிடம் இரவல் வாங்கி இழுத்திருக்கிறாள். காதோரம் ஒரு கற்றை கருகிவிட்டது. மீதி, முன்னைவிட மோசமாகப் பொங்கி நின்றது. உள்ளேயிருந்து அழுகையோடு, "அத்தை, நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னு ஸ்கூலுக்குச் சொல்லிருங்க" என்றாள். அது என் பழைய குரல்.

கதவைத் திறக்க வைத்து, ஸ்டூலில் உட்கார வைத்து, வெந்நீரை விட்டு, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, ஈரத்தோடு நுனியிலிருந்து விரலாலேயே பிரித்துக்கொண்டு போனேன். மேலேயிருந்து இழுத்தால் சிக்கு இறுகும். நுனியில் ஒரு விரற்கடை, பிறகு அதற்கு மேல் ஒரு விரற்கடை. அகலப் பல் சீப்பு கடைசியில்தான். துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றிவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் சுருள் சுருளாக அடங்கித் தோளில் விழுந்தது. கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை எங்கே படித்தீர்கள், யூடியூபிலா என்று கேட்டாள். உங்கள் தாத்தாவிடம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை.

அவள் தாத்தா, அதாவது என் அப்பா, ராஜபாளையத்தில் ஒரு சைசிங்கில் வேலை பார்த்தார். நெசவுக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் இடம். உங்களில் பாதிப் பேர் வீட்டு ஆட்களும் இப்படி ஏதாவது மில்லில்தான் இருந்தார்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் நான்தான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவேன். நூல் பிசிறு பிசிறாக, என் தலையைப் போலவே, ஒரு பக்கம் உள்ளே போகும். கொதிக்கிற கஞ்சித் தொட்டியில் முங்கி, சூட்டு உருளைகளில் ஏறி இறங்கி, மறு பக்கம் பளபளவென்று படிந்து வரும். மாவும் மெழுகும் கலந்து புளித்த ஒரு வாசனை அங்கே எப்போதும் இருக்கும். அந்த வாசனை அப்பாவின் சட்டையில் ஏறி வீட்டுக்கும் வரும்.

காலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா என்னை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, காய்ந்த தலையில், உச்சியிலிருந்து, பேன் சீப்பால் இழுப்பாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும், அவளுக்குக் கை வலிக்கும். இருவருக்கும் கோபம் வரும். கால் படி எண்ணெயை ஊற்றி, ரெட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டி அனுப்பினால், பிரேயர் முடிவதற்குள் பாதி வெளியே வந்துவிடும். விளையாட்டு டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் விசில், கண்ணில் பட்டது என் தலை. தலை ஒழுங்காக இல்லாதவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். எந்த நாளும் முதல் ஆள் நான். பல நாள் ஒரே ஆள் நான். ஒருநாள் ஒரு பாட வேளை முழுக்க நிற்க வைத்துவிட்டு, அடுத்த வாரமும் இப்படி வந்தால் ஒட்ட வெட்டிவிடப் போவதாகச் சொன்னார். வெறும் மிரட்டல்தான். பதினாலு வயதில் அது தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சைசிங்கில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. நூல் படிகிறது. முடியும் நூல்தானே. அப்பா கை கழுவப் போன நேரத்தில், காலியான தூக்குச்சட்டியில் ஒரு கரண்டிக் கஞ்சியை அள்ளிக்கொண்டேன். மறுநாள் மதியம் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனதும், கண்ணாடி முன் நின்று தலை முழுக்கப் பூசினேன். பின்னங்கழுத்தில் நிறைய அப்பினேன். அங்கேதான் சிக்கு அதிகம்.

படிந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள், ஒரு மணி நேரம் கண்ணாடியில் வேறு ஒரு பெண் இருந்தாள். அவளுக்குச் சின்ன நெற்றி, காது தெரிந்தது. பிறகு காயக் காயத் தோலை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. அம்மா வருவதற்குள் கழுவிவிடலாம் என்று எழுந்தேன், தலை சுற்றியது. அம்மா திரும்பி வந்தபோது நான் பாயில் கிடந்தேன், உடம்பு கொதித்தது. விடிந்தபோது நெற்றியில் மூன்று முத்து.

அம்மை கண்ட வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை. தாளிப்புக் கிடையாது. தலையில் எண்ணெய், சீப்பு, சோப்பு எதுவும் படக் கூடாது. தம்பிக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அன்றைக்கே மகாராஜபுரத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருந்தது. எனக்கு ஒரு அக்கா உண்டு. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது, ஐந்து வயதில், அம்மையில் போய்விட்டாள். போட்டோ கூடக் கிடையாது. அவளைப் பற்றி அம்மா பேசி நான் கேட்டதில்லை. என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியபடி, "என்னய விட்டுரு ஆத்தா, இவளயாவது விட்டுரு" என்று அவள் முணுமுணுத்ததை அரைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு வேறு பயம். நான் கஞ்சி பூசிய அன்றைக்கே ஆத்தா ஏன் வந்தாள்? திருட்டுக் கஞ்சிக்குத்தான் வந்தாளா?

முத்து இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீர், தேய்க்காமல், துவட்டாமல். ஒவ்வொரு தண்ணீருக்கும் கஞ்சி கொஞ்சம் இளகி, மறுபடி காய்ந்து, முன்னைவிடக் கெட்டியாக முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் தண்ணீர் முடிந்து அம்மா தலையைத் தொட்டபோது, பின்னங்கழுத்தில் சாண் நீளத்துக்கு விறகுபோல ஒன்று தொங்கிற்று. வேப்பிலைத் துணுக்குகள் அதில் ஒட்டிக் கிடந்தன. அம்மா குனிந்து அதில் முகத்தை வைத்து அழுதாள்.

அன்று சாயந்தரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆத்தா போகும்போது சடை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு சாமியாடியைக் கூட்டிவந்தார்கள். அவர் சடையில் திருநீறு போட்டார், அப்பாவையும் பூசச் சொன்னார், சீப்போ கத்தரிக்கோலோ அதன் பக்கமே வரக் கூடாது என்றார். தீ மிதிக்கிற பூக்குழி அன்றைக்குக் கோயிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்ட வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளை ஆத்தாளுக்கு உரியவள். கல்யாணம் கிடையாது. வெள்ளி செவ்வாய் விளக்குப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். படிப்பு எதற்கு என்று அவர் கேட்கக்கூட இல்லை. அம்மாவே கேட்டுக்கொண்டாள், அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்குப் படிப்பின் மேல் பெரிய காதல் ஒன்றும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் எல்லாம் பத்தாவது போய், நான் மட்டும் வெள்ளிக்கிழமை விளக்கோடு நிற்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இதில் சிரிக்கிற பகுதியும் உண்டு. என் தலையைக் காக்காக் கூடு என்று சொல்லி வந்த பக்கத்து வீட்டுக்காரி, எலுமிச்சம்பழத்தோடு வந்து என் காலைத் தொட்டாள். தேவதானத்தில் இருந்து வந்த ஒருவர், தொலைந்துபோன பசு கிடைக்குமா என்று கேட்டார். நான் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், விக்கல் வந்துவிட்டது. நல்ல சகுனம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பசு இரண்டு நாளில் கிடைத்துத் தொலைத்தது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் கூட்டம் அதிகமாயிற்று. ஒருவேளை நிஜமாகவே ஆத்தா வந்திருக்கிறாளோ, கஞ்சியே அவள் கொடுத்த யோசனைதானோ என்றெல்லாம் தோன்றியது.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது ஒன்று. அம்மா என்னை ஏட்டி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுங்க, தூங்குங்க என்றாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. நான் பிறந்ததிலிருந்து அவளை அப்படிப் பார்த்ததில்லை. பாத்திரம் விளக்கும்போது ஏதோ முனகிப் பாடினாள். ஒருநாள் பக்கத்தில் போய், அம்மா, இந்தச் சடை வந்து, என்று ஆரம்பித்தேன். சொல்லுங்க ஆத்தா என்று திரும்பினாள். கண் நிறைய நம்பிக்கை. பசிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மதியம் கொல்லையில் பச்சைத் தண்ணீரும் துணி சோப்பும் வைத்துக் கழுவிப் பார்த்தேன். நுரை உள்ளே போகவே இல்லை. இழுத்ததில் தோலோடு பத்து முடி வந்தது. கத்தரிக்கோலையும் எடுத்தேன். கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் சாமியாடி சொன்னது ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

அப்பா இதில் எதிலும் பேசவில்லை. அவர் பேசுகிற ஆளும் இல்லை. வருடா வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூ இறங்குவார், அந்த வருடமும் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு வேலைக்குப் போய்வந்தார். காப்புக் கட்டியவர் முடி வெட்டக் கூடாது, சவரம் கூடாது, கெட்டதைத் தொடக் கூடாது.

பூக்குழிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மா மகாராஜபுரத்துக்கு பஸ் ஏறினாள். மாமா குடும்பத்தைக் கயிறு கட்டுக்கு அழைக்க வேண்டும், தம்பியைக் கூட்டிவர வேண்டும். பஸ் போன செத்த நேரத்தில் அப்பா வந்துவிட்டார். அரை நாள் லீவு. கையில் கடையில் வாங்கிய புது பிளாஸ்டிக் சீப்பு ஒன்று, மில் குறடு ஒன்று. கொல்லையில் உட்கார்ந்து ஒன்றுவிட்டு ஒன்றாகச் சீப்பின் பற்களைப் பிடுங்கினார். பற்கள் டிக் டிக்கென்று தெறித்தன. நான் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பானையில் வெந்நீர் போடச் சொன்னார்.

"ஏட்டி, முக்காலிய எடுத்துப் போட்டு உக்காரு" என்றார். பல நாளைக்குப் பிறகு ஏட்டி. அதைக் கேட்டே அழுதுவிட்டேன். முக்காலியில் உட்கார்ந்ததும் ஒரு செம்பு வெந்நீரைப் பின்னங்கழுத்தில் ஊற்றினார். "பச்சத் தண்ணிக்கு இது எளகாது. நம்ம கஞ்சி. சூடு வேணும்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். சாமியாடி திருநீறு பூசச் சொன்ன அன்றைக்கே, குனிந்ததும் மில் வாசம் அடித்தது என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னும் இரண்டு செம்பு ஊற்றினார்.

"உங்கம்மா மொகத்தப் பாத்தியா. மூத்தவ போனதுக்குப் பொறவு இப்பத்தான் அவ ருசிச்சுச் சாப்பிடுதா. எப்படிச் சொல்லச் சொல்லுத?"

"இப்ப மட்டும் ஏம்ப்பா?"

"நேத்து வேட்டி எடுக்க டிரங்குப் பெட்டியத் திறந்தேன். அடியில, உங்கம்மா உன் யூனிபாரத்த மடிச்சு வச்சிருக்கா."

வெந்நீர், பிறகு நல்லெண்ணெய், மறுபடி வெந்நீர். சிக்கு விழுந்த பாவைப் பிரிப்பதுபோல நுனியைத் தேடிப் பிடித்து, அங்கேயிருந்து மேலே வந்தார். ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை. வர மறுத்த இழையை விட்டுவிட்டுப் பக்கத்து இழைக்குப் போவார், அதைப் பிரித்ததும் முன்னது தானாக வரும். மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிறு நனைந்து, மஞ்சள் சாயம் என் தோளில் ஒழுகியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்புக் கட்டிய கையால் ஆத்தா சடையை அவிழ்க்கிறார். இந்தக் குற்றத்தோடு ஐந்து நாளில் நெருப்பில் இறங்கப் போகிறார். வேண்டாம்ப்பா என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து சொல்லவில்லை. அதுதான் நிஜம், உங்களிடம் மறைத்து என்ன?

மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பல் பிடுங்கிய சீப்பை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை ஓட்டினார், எங்கேயும் சிக்காமல் போயிற்று. தன் தலையைத் தடவிக்கொண்டு, உனக்கு வந்தது என் முடிதான், நான் ஒட்ட வெட்டிக்கொண்டு தப்பித்து அலைகிறேன் என்றார். அப்போதுதான் அவர் தலையைச் சரியாகப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் சின்னச் சின்னச் சுருள்.

சாயந்தரம் அம்மா வந்தாள். என்னைப் பார்த்ததும் தம்பியை இறக்கிவிட்டாள். அப்பா எழுந்து நின்று, நான்தான் அவிழ்த்தேன், ஆத்தாளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். கஞ்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அன்றிலிருந்து முனகிப் பாடுவது நின்றுபோயிற்று.

மறுநாள் சாமியாடி ஆட்களோடு வாசலுக்கு வந்துவிட்டார். தெருவே கூடி நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா கைகட்டிக்கொண்டு, "அவுத்தது நான். அன்னைக்குப் பூ எறங்குதேன். குத்தமிருந்தா ஆத்தா என் கால்ல காட்டட்டும்" என்றார். சாமியாடி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கால் சுட்டால் பிள்ளையைக் கோயிலுக்கு விட்டுவிட வேண்டும். சுடாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

அந்த நாலு நாளை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் போய்க் கஞ்சியைச் சொல்லிவிட்டால் போதும், அப்பா மேல் பழி இராது. ஒரு நாளைக்கு நூறு தரம் வாய் வரைக்கும் வரும். சொன்னால் அம்மா செத்துப்போவாள் என்று தோன்றும். சொல்லாவிட்டால் அப்பா கால் வெந்துபோகும் என்று தோன்றும். சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று நல்ல வெயில். பூக்குழியைச் சுற்றி மஞ்சளாக ஆட்கள். தணல் மேல் காற்று நெளிந்தது. கழியால் தட்டிச் சமன் செய்துகொண்டே இருந்தார்கள். வரிசையில் அப்பா தலை தெரிந்தது. அவர் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை அடி என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் நின்றுகொண்டிருந்தார். சாமியாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுட்ட காலோடு கோயிலைச் சுற்றி வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்பா நடந்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் அவர் பக்கத்தில்கூட நிற்காதவள், முழங்கையை இறுகப் பிடித்தபடி சுற்று முழுக்கக் கூடவே வந்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. சாமியாடி அப்பா நெற்றியில் திருநீறு பூசி, ஆத்தா சம்மதம் என்று சொல்லிவிட்டார். சுட்டதாப்பா என்று பஸ்ஸில் கேட்டேன். "பூ மேல நடந்தாப்புல இருந்துச்சு" என்றார்.

அடுத்த திங்கள்கிழமை நான் பள்ளிக்கூடம் வந்தேன். அப்பாதான் ஈரத் தலையில் சீவி, தளர்வாகப் பின்னிவிட்டார். விளையாட்டு டீச்சர் சுற்றி வந்து பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தபடி நகர்ந்துபோனார். அன்றைக்கு என்னைப் பார்த்து யார் பின்னிவிட்ட சடை என்று கேட்டவர்கள் நீங்கள்தான்.

பூக்குழி முடிந்து ஒரு மாதம் அப்பா கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பட்டாளத்தில் இருந்த பெரியப்பா கொடுத்தது, அதுவரை பரணில் கிடந்தது. சைசிங்கில் ஷூ போடச் சொல்லிக் கண்டிப்பு என்றார். வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றவில்லை. துரை வாராரு என்று நான் கேலி செய்வேன், அவரும் சிரிப்பார். வீட்டில் வேப்பெண்ணெய் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது, என் அம்மைத் தழும்புக்கு அம்மா வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவள் ஒருநாளும் தடவவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பத்தாவது முடித்து, பன்னிரண்டு முடித்து, நர்ஸ் ஆனேன். அந்தத் தொப்பியை என் தலையில் நிறுத்த நாலு பின் போதாது என்பது வேறு கதை. பல் பிடுங்கிய சீப்பு மதுரை ஹாஸ்டல் வரைக்கும் வந்தது. அங்கே யாரோ உடைந்த சீப்பு என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். இன்று வரை அதற்காக வருத்தப்படுகிறேன். கடையில் இருநூறு ரூபாய்க்கு அகலப் பல் சீப்பு கிடைக்கிறது, இருந்தும் அது மாதிரி இல்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. தலையில் எண்ணெய் வைத்தபோது அந்த நரைத்த சுருள்கள் விரலில் சுற்றிக்கொண்டன. பிறகு கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணியை என்னிடம் கொடுத்தார்கள். இடது பாதத்தை நிமிர்த்தியபோது பார்த்தேன். விரல்களுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, ரேகையே இல்லாமல் மினுமினுவென்று இறுகிய தோல். நான் முப்பது வருடம் தீப்புண்ணுக்குக் கட்டுப் போட்டவள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய புண், ஆழமான புண். அந்தக் காலை ஊன்றித்தான் அவர் கோயிலைச் சுற்றி வந்திருக்கிறார். அம்மா பிடித்திருந்தது கோபம் தீர்ந்து அல்ல, அவர் விழுந்துவிடாமல் இருக்க.

பதினாறாம் நாள் முடிந்து வீடு காலியானதும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா கால் என்று மட்டும்தான் சொன்னேன். நான்தான் வேப்பெண்ணெய் போட்டேன், ஒரு மாசம் ஆயிற்று ஆற, என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நாற்பது வருடமாக அடைத்துக்கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கஞ்சியைச் சொன்னேன், தூக்குச்சட்டியைச் சொன்னேன், கண்ணாடியில் வந்த அந்த வேறு பெண்ணையும் சொன்னேன். அம்மா புடைப்பதை நிறுத்தவில்லை.

"அவிய சட்டையத் தெனமும் துவைச்சவ நான். அந்த வாசம் எனக்குத் தெரியாதா? மொகத்த வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு."

தெரிந்துமா என்று கேட்டேன்.

"ஆத்தா ஒருத்தியக் கொண்டுபோயிட்டா. நீ அவளுக்குன்னு ஆயிட்டா, மறுபடியும் வந்து கேக்க மாட்டான்னு நெனச்சேன்."

ஒரே அறை, ஒரு அடுப்பங்கரை உள்ள வீடு அது. மூன்று பேருக்கும் கஞ்சி என்று தெரியும். அப்பா சடையை அவிழ்த்த நாள்வரை மூன்று பேரும் மற்ற இருவரிடம் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்படியானால் அப்பா கால் சுட்டபோது நீ ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் போதுமே, நீ ஆசைப்பட்டபடி என்னைக் கோயிலுக்கு விட்டிருப்பார்களே, ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"ஏட்டி, நெருப்புன்னா சுடத்தானே செய்யும்" என்றாள்.